நடக்கிறவளின் அப்பாவுக்கு

பிப்ரவரி 2

தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் பாதியில் வைக்கலாம், ஆனால் மீதி அங்கேயே கிடக்கும். என்றைக்காவது எடுத்துப் படிக்காமலா போய்விடுவாய்? அதனால்தான் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நான் போகிறேன். போட்டிக்கு டிக்கெட் வாங்கியாகிவிட்டது, ரயிலுக்கும் வாங்கியாகிவிட்டது. "நீ அங்க போனா எனக்கு அக்காவே இல்ல" என்று சொன்னாயே, அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் டிக்கெட்டையும் வாங்கினேன். இத்தனை வருஷம் உனக்கு அக்காவாக இருந்து என்ன பெரிய சுகத்தைக் கண்டுவிட்டேன், அதை இழந்து அழுவதற்கு?

ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் லீவு கேட்டபோது மேற்பார்வையாளர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். எதற்கு லீவு என்றார். என் தம்பி மகள் பெரிய விளையாட்டுப் போட்டியில் நடக்கிறாள், பார்க்கப் போகிறேன் என்றேன். "நடக்கிறதப் பாக்கறதுக்கு லீவா?" என்று கேட்டார். ஆமாம், நான் இல்லாவிட்டாலும் படுக்கை விரிப்புகள் வெளுக்கும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் யாரோ ஒரு மனிதர், விடு. நீ அவளைப் பெற்றவன்.

பொடிசு என் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அவள் கோபித்துக்கொண்டு ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாயாம். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன், மறந்துவிட்டதா? உன் மச்சான் புது வீடு கட்டி எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவள் முன்பு ஒரு நடைப்போட்டியில் நடந்த வீடியோவைக் கூடத்து டிவியில் போட்டார். அதோடு விட்டாரா? எழுந்து நின்று இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டி நடந்து காட்டினார். கூடமே சிரித்தது. அதெல்லாம் அவளுக்குப் பழக்கம்தான். ரோட்டில் பயிற்சி எடுக்கிற பெண் இதைவிட மோசமாக எவ்வளவோ கேட்டிருப்பாள். அவள் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தாள். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாள். நானாக இருந்தால் அந்தத் தட்டை உன் மடியில் கவிழ்த்திருப்பேன்.

மார்ச் முதல் வாரம் போட்டி. டிவியில் காட்டுவார்களாம். பார்ப்பதும் பார்க்காததும் உன் இஷ்டம்.

அக்கா


பிப்ரவரி 11

அக்காவுக்கு,

(அக்கா இல்லை என்று சொல்லிவிட்டேன். ஆனால் வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.)

உன் கடிதத்தை முழுக்கப் படித்தேன். பாதியில் வைப்பேன் என்று நீ எழுதியதனாலேயே படித்தேன்.

கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கொலையா செய்துவிட்டேன்? மச்சான் வீட்டில் மச்சான் ஒரு கேலி செய்தால் நான் மட்டும் உர்ரென்று உட்கார்ந்திருக்க வேண்டுமா? அதற்காக இருபத்திரண்டு வயதுப் பெண் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், செருப்பைக் கூட மாட்டாமல் வாசலைத் தாண்டினால் என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? அது உனக்குத் தெரியாது. உனக்கு எப்போதும் அவள் பக்கம்தான் வெளிச்சம்.

ஓடிக்கொண்டிருந்த பெண் அவள். பள்ளிக்கூட மைதானத்தில் அவள் ஓடினால் தெருவே வேலியில் வந்து தொங்கும். அவள் அம்மா போன பிறகு விடியற்காலையில் எழுந்து அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது நீயா, நானா? முட்டி வலிக்கிறது, இனிமேல் நடக்கப் போகிறேன் என்று ஒருநாள் வந்து நிற்கிறாள். நடப்பது என்றால் சும்மா நடப்பதா? வாத்து மாதிரி. என் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிறவன் எல்லாம் கேட்கிறான், "ஏன் சார், ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித் தர்றீங்க, உங்க பொண்ணு மட்டும் நடந்தே போகுதே?" என்று. எல் போர்டு மாட்டிய வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, கிளட்ச் எது பிரேக் எது என்று தெரியாதவன் என்னைக் கேலி செய்கிறான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டைப் பார் என்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உனக்குப் பிள்ளை இல்லை. அதனால் என் பிள்ளையை எடுத்து வைத்துக்கொண்டாய். எடுத்துக்கொண்டாயே தவிர வளர்க்கத் தெரியவில்லை. பெரியவர்கள் முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித் தந்தாயா?

என் நிபந்தனையை அவளிடம் சொல்லிவிடு. இந்தப் போட்டிதான் கடைசி. முடிந்ததும் வீட்டுக்கு வரட்டும், மச்சானிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும், பழையபடி இருக்கலாம். இல்லையென்றால் இந்த வாசல் அவளுக்கு இல்லை.

டிவி போட மாட்டேன். அன்றைக்கு எனக்கு ஆட்களை டெஸ்ட்டுக்குக் கூட்டிப் போகிற வேலை இருக்கிறது. நீ போ. விளையாட்டைப் பற்றி உனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கை தட்டக் கூடாத இடத்தில் தட்டி மானத்தை வாங்கிவிட்டு வா.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

நிபந்தனையை அவளிடம் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியவன் நீ. என் வாயை இரவல் கேட்காதே.

பிள்ளை இல்லாதவள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டுவிட்டேன். அதற்கு மேல் அந்த வார்த்தைக்கு நான் மரியாதை தருவதாக இல்லை.

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்வேன், ஏனென்றால் உன்னைப் பற்றி அங்கே நான் ஒன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நடைப்போட்டி ஸ்டேடியத்துக்குள் இல்லை. வெளியே ரோட்டை அடைத்து, ஒரு நீளமான பாதையில் போய்த் திரும்பி, போய்த் திரும்பி நடக்கவிடுகிறார்கள். இருபது கிலோமீட்டர். டிக்கெட்டே வேண்டாம், இரும்புத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் நிற்கலாம். நான் காலையிலேயே போய்த் திருப்பத்துக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டேன். என் பக்கத்தில் மடக்கு நாற்காலி, குடை, தெர்மாஸ் எல்லாம் கொண்டுவந்திருந்த ஓர் அம்மாள். அவர் மகளும் நடக்கிறாளாம். பல வருஷமாக இப்படி ரோட்டோரம் உட்கார்ந்து பழகியவர்.

நாற்பது பெண்கள் இருப்பார்கள். கும்பலாக வரும்போது காலடிச் சத்தம்தான் முதலில் வருகிறது. ஓடுகிறவர்கள் சத்தம் மாதிரி இல்லை, கிடுகிடுவென்று ஒரே சீராக வருகிறது. பொடிசு நடுவில் இருந்தாள். தலையை நேராக வைத்து, யாரையும் பார்க்காமல். முதல் சுற்றில் நான் கத்தியது அவளுக்குக் கேட்டிருக்காது.

எதிரே ஒரு பலகை வைத்திருந்தார்கள். நம்பர், நம்பராக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து அவள் நம்பருக்கு நேரே ஒரு சிவப்பு அட்டையைச் செருகினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் சலவைப் பிரிவிலும் ஒரு பலகை இருக்கிறது, வார்டு நம்பருக்கு நேரே சிவப்பு விழுந்தால் அந்த மூட்டை சுத்தமாக முடிந்தது, கொண்டுபோகலாம் என்று அர்த்தம். வாழ்க்கை முழுக்க அந்தச் சிவப்புக்காகக் காத்திருந்து பழகிய கண் இது. முதல் சிவப்பே நம் பொண்ணுக்குத்தான் என்று கையைத் தட்டிக் குதித்தேன். மூக்குக் கண்ணாடி கீழே விழுந்தது. அதை எடுத்து மாட்டுவதற்குள் இரண்டாவது சிவப்பும் விழுந்தது. அதற்கும் குதித்தேன்.

நாற்காலிக்கார அம்மாள் குடையை இறக்கிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க அந்தப் பொண்ணுக்கு வேண்டியவங்களா, வேண்டாதவங்களா?"

அத்தை என்றேன். அப்புறம்தான் விளக்கினார். இந்த நடையில் ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டுமாம். முன்னால் வைக்கிற காலில் முட்டி மடங்கக் கூடாதாம். நடுவர்கள் வழி நெடுக நின்று பார்க்கிறார்கள். தப்பென்று பட்டால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் ஓர் ஓரமாக இரண்டு நிமிஷம் நிறுத்திவிடுவார்கள். நாலாவது விழுந்தால் வெளியே போக வேண்டியதுதான். நீ சொன்னது சரிதான், தட்டக் கூடாத இடத்தில்தான் தட்டினேன். சந்தோஷப்பட்டுக்கொள்.

அதற்கப்புறம் அந்தப் பலகையைப் பார்க்கவே பயமாக இருந்தது. பின்னால் ஒரே மாதிரி கம்பெனி பனியன் போட்ட இரண்டு ஆண்கள் வந்து நின்றார்கள். கையில் சோடா. ஒருவன் இடுப்பை ஆட்டி நடந்து காட்டினான், மற்றவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். உன் மச்சான் வீட்டில் நான் வாயைத் திறக்கவில்லை. விருந்துக்குப் போன இடம் என்று இருந்துவிட்டேன். ரோட்டில் எனக்கு என்ன? திரும்பி, "இந்தத் தடுப்பத் தாண்டிப் போய் ஒரே ஒரு சுத்து அவளோட நடந்துட்டு வாங்க. நான் உக்காந்து சிரிக்கிறேன்" என்றேன். நாற்காலிக்கார அம்மாள் எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார், உட்கார்ந்து சிரிப்பதற்காம். அவர்கள் சோடாவை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

பாதிக்கு மேல் நடந்திருப்பாள். மூன்றாவது சிவப்பு விழுந்தது.

அந்த நிறுத்தி வைக்கிற இடம் எனக்கு நேர் எதிரே. கயிறு கட்டி ஒரு சின்னக் கட்டம். மற்ற பெண்கள் எல்லாம் அவளைத் தாண்டித் தாண்டிப் போகிறார்கள், இவள் அதற்குள் நிற்கிறாள். வியர்வை சொட்டுகிறது. என் கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கொடுத்தால் அவளை நீக்கிவிடுவார்கள் என்று பக்கத்து அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பொடிசு இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றாள். வெளியே போகிற வழியை ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், தம்பி. தட்டை வைத்துவிட்டு எழுந்தபோதும் வாசலை அப்படித்தான் பார்த்தாள். விட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன்.

அப்போது கத்தினேன். "அப்பா பாத்துட்டிருக்காருடி! டிவி முன்னாலதான் உக்காந்திருக்காரு! வீட்டுல எல்லாரும் பாக்குறாங்க!"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கட்டத்திலிருந்து விட்டதும் போனாள்.

அதற்குப் பின்னால் அவள் நடந்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒரு தப்பு செய்தாலும் போச்சு, மெதுவாகப் போனாலும் போச்சு. ஒவ்வொரு நடுவரைத் தாண்டும்போதும் நான் செத்துப் பிழைத்தேன். நாலாவது சிவப்பு விழவில்லை. இருபத்தொன்றாவதாக வந்தாள். அவளுக்குப் பின்னாலும் ஆட்கள் வந்தார்கள், நடுவிலேயே வெளியேற்றப்பட்டவர்களும் இருந்தார்கள். மெடல் இல்லை, மாலை இல்லை. நடந்து முடித்தாள்.

சாயங்காலம் என் டிக்கெட்டில் ஸ்டேடியத்துக்குள் போனேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நூறு மீட்டர் ஓட்டம் தொடங்குகிற சமயம். அத்தனை ஆயிரம் பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள், கொட்டாவி விட்டால் கேட்கும், அப்படி ஓர் அமைதி. பத்து நொடியில் முடிந்துவிட்டது, கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி கைதட்டல். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் நடந்தவள் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முன் வரிசைக்காரரைத் தட்டி, "இவளும் இன்னைக்குப் போட்டில இருந்தவதான்" என்றேன். அவர் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். பரவாயில்லை. சொல்லிவிட்டேன்.

நான் சொன்னது பொய். நீ பார்த்திருக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொய்க்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, திரும்ப அந்த இடத்தில் நின்றாலும் அதையேதான் கத்துவேன். அவள் உனக்குப் போன் செய்வாள் என்று தோன்றுகிறது. அப்போது நீ என்ன சொல்லப் போகிறாய் என்பதை நீயே முடிவு செய்துகொள்.

அக்கா


மார்ச் 21

அக்காவுக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே அவள் போன் வந்துவிட்டது.

எடுத்ததும், "பாத்தீங்களாப்பா?" என்றாள். எதை என்று கேட்டேன். "சரிதான்" என்றாள். நீ கத்தியதை அப்புறம்தான் சொன்னாள். அத்தை பொய் சொன்னால் குரல் இரண்டு மடங்கு ஏறும், அதிலேயே தெரிந்துவிட்டது என்றாள். பொய் என்று தெரிந்தும் ஏன் மறுபடி நடந்தாய் என்று கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீங்க பாத்தா நடப்பேன், பாக்கலன்னா நின்னுருவேன்னு நெனச்சீங்களா? நீங்க சிரிச்ச மறுநாளும் காலைல எழுந்து நடந்தவதானே நான்."

நிபந்தனையைச் சொல்ல வாயெடுத்தேன். அடுத்த போட்டி ஜூன் மாதம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். பாதியில் வைப்பது யார் வீட்டுப் பழக்கம் என்று நீ கேட்பாய். கேள்.

இரண்டு நாள் கழித்து உன் கடிதம் வந்தது. ஸ்கூலில் எல்லோரும் போனபிறகு, ரோட்டுக் குறியீடுகள் போட்டுக் காட்டுகிற பெரிய திரையில் அந்தப் போட்டியைத் தேடிப் போட்டேன். முதலில் கண்ணில் பட்டது நீதான். அவளுக்குச் சிவப்பு விழுந்ததும் நீ குதித்த குதியைக் காட்டியிருக்கிறார்கள், அக்கா. உலகமே பார்த்திருக்கிறது. இதை வைத்தே உன்னை ஆயுசுக்கும் கேலி செய்வேன், அந்த உரிமையை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

அந்த இரண்டு பேரையும் காட்டினார்கள். ஒருவன் இடுப்பை ஆட்டுகிறான், மற்றவன் சிரிக்கிறான். ஆட்டுகிறவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கிறவனைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெட்கமாக இருந்தது. வேறு என்ன சொல்ல?

நாள் முழுக்க அடுத்தவன் காலைப் பார்த்துத் திட்டுவதுதான் என் பிழைப்பு. என் மகளின் காலை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டத்தை விட்டு வந்த பிறகு கடைசி வரை பார்த்தேன். எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடப் போகவில்லை.

மன்னிப்புக் கேள் என்று நீ சொல்வாய். அவளிடம் எனக்கு அது வாயில் வராது, நீயும் அறிவாய். அதனால் வேறொன்று செய்தேன். போன ஞாயிறு மச்சான் வீட்டில் அதே கும்பல் சாப்பிடக் கூடியிருந்தது. நான் போய் அதே டிவியில் அவள் போட்டியைப் போட்டேன். மச்சான் உடனே எழுந்து இடுப்பில் கை வைத்தார். "அன்னைக்கு நானும் சிரிச்சேன். தப்பு. இன்னைக்கு யாருக்குச் சிரிப்பு வந்தாலும் வெளிய போய்ச் சிரிச்சிட்டு வாங்க" என்றேன். மச்சான் மாடிக்குப் போய்விட்டார், இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கட்டத்தில் அவள் நின்றபோது மச்சான் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

பிள்ளை இல்லை என்று நான் எழுதியது அசிங்கம். அவளை வளர்த்தது நாம் இரண்டு பேரும்தான். அந்த வரியை அடித்துவிடு.

நிபந்தனை எதுவும் இல்லை. நடக்கட்டும். ஜூன் மாதம் நான் வரலாமா என்று மட்டும் அவளைக் கேட்டு எழுது. போனில் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

தம்பி


மார்ச் 29

தம்பிக்கு,

அந்த வரியை அடிக்கவில்லை. எழுதியது எழுதியதுதான், இருக்கட்டும். ஆனால் அதற்குக் கீழே நீ இப்போது எழுதியதையும் மடித்து வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தை அவளிடமே கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். மச்சான் மாடிக்குப் போன இடத்தில் மட்டும் உதட்டைக் கடித்தாள், சிரிப்பா அழுகையா எனக்குத் தெரியவில்லை. படித்து முடித்துவிட்டு ஷூ மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விட்டாள். நான் பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டு, அதன்பிறகு சொன்னாள்.

"அவர் சிரிச்சத நான் மறக்க மாட்டேன் அத்தை. மறக்கச் சொல்லாதீங்க. ஆனா வரச் சொல்லுங்க."

நான் அதை இனிப்பாக்கி எழுதலாம். எழுத மாட்டேன். அவள் சொன்னது அவ்வளவுதான், எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. உன்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அவளாகச் சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டால் சொல்லாமல் இருந்துகொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது.

ஜூன் போட்டியும் ரோட்டில்தான். காலையில் சீக்கிரம் வந்து திருப்பத்தில் நில். மற்ற இடங்களில் மின்னல் மாதிரி போய்விடுவார்கள், அங்கேதான் கொஞ்சம் வேகம் குறையும், முகம் தெரியும். கத்துகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் உன் பக்கம் திரும்புவாளா என்று என்னிடம் கேட்காதே. நீ அவளைப் பார்க்க வா.

அக்கா